இஞ்சி பீர் மூன்று முறை கெட்டதா? கேனின் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் அம்மா வீட்டில் இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை போட்டுப் புளிக்கவைக்கும் இஞ்சி பீர் ஒரு முறைகூடக் கெட்டதில்லை. பீங்கான் ஜாடியில் போட்டு, கரண்டியால் மொண்டு எடுப்பார். அதே உறையைக் கொண்டுவந்து சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில் மார்ச்சிலிருந்து மூன்று முறை போட்டேன். முதல் முறை மேலே வெள்ளையாக ஆடை படர்ந்தது. இரண்டாம் முறை எண்ணெய் போலக் கொழகொழத்து, கரண்டியில் நூல் விட்டது. மே மாதம் போட்டது வினிகராகிவிட்டது. நான் பயன்படுத்துவது குழாய் வைத்த பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவிக் கொதிநீர் ஊற்றுகிறேன். சேலத்து வெயில் காரணமா, மேட்டூர்த் தண்ணீர் காரணமா? கோலி சோடா பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: வெயிலுக்கும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அந்தக் குழாய் என்றே நினைக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். தண்ணீரில் குளோரின் அதிகமாக இருந்தால் உறை எழும்பாமல் மந்தமாகக் கிடக்கும், சில சமயம் மருந்து வாடை அடிக்கும். வெயில் மட்டும் காரணமென்றால், கோடையில் இட்லி மாவு பொங்கிப் புளிப்பதைப் போல எல்லாம் வேகமாக நடந்து புளிப்பு ஏறியிருக்கும். உங்களுக்கு நடந்தது அப்படி இல்லை. வெள்ளை ஆடை காற்றை விரும்பும் ஒரு வகை ஈஸ்ட். நூல் விடுவது பெரும்பாலும் லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவின் வேலை. வினிகர் புளிப்பு அசிட்டிக் பாக்டீரியாவால் வருவது. மூன்று முறையும் மூன்று வேறு உயிர்கள். இப்படி ஆள் மாறி மாறி வந்தால், அவை தங்கிப்போகும் இடம் ஒன்று பாத்திரத்திலேயே இருக்கிறது என்று பொருள். ஏற்காட்டு ஜாடியில் இல்லாததும் உங்கள் கேனில் இருப்பதும் குழாய்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பழச்சாறு தயாரிப்புக் கூடத்தில் இதே புகாரைப் பார்த்தேன். தொட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. குழாயைக் கழற்றினால் வாஷருக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம். பாக்டீரியா தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் போர்வை அது. மேலே ஊற்றும் கொதிநீர் அந்த மடிப்புக்குள் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். போய்ச் சேர்ந்தாலும் போர்வைக்கு அடியில் இருப்பவை தப்பிவிடும். பெரிய ஆலைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் காட்டு ஈஸ்ட் கலந்து கெட்டுப்போனபோதுதான், அங்கிருந்த எமில் ஹான்சன் 1883-ல் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். பீருக்காவது ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ காவல் இருக்கிறது, பல லாக்டிக் பாக்டீரியாக்களை அது அடக்கும். இஞ்சி பீரில் அதுவும் கிடையாது. அதனால் சுத்தத்தில் நாம் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அழுக்கு நீக்குவது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறொரு வேலை. முதலாவது முடியாமல் இரண்டாவது பலிக்காது. குழாயை முழுவதுமாகக் கழற்றுங்கள்: மரை, வாஷர், மூக்கு எல்லாம் தனித்தனியாக. வெந்நீரில் சலவை சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் அது போடும் ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு. உங்கள் கேனின் உட்புறத்தில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் வாஷருக்குப் பதில் புதியது வாங்கிப் போடுங்கள், சில ரூபாய்தான்.

அதன் பிறகு கிருமி நீக்கம். சூடு தாங்கும் சிலிக்கான், ஸ்டீல் பாகங்களைப் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். கேனுக்கு, வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 5%) நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து பத்து நிமிடம் நிரப்பி வையுங்கள். பிறகு கொதித்து ஆறிய நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாமல் விட்டால் மருந்து வாடை வரும். ப்ளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

என்னைக் கேட்டால் குழாயே வேண்டாம். அம்மாவின் ஜாடி முறைதான் சிறந்தது.

குழாய்தானா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பீர் ஆலைகளில் செய்வதுதான். இஞ்சி, சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆற்றி, உறை சேர்க்காமல், கொதிக்கவைத்த ஒரு பாட்டிலில் நேராகக் கொஞ்சம் ஊற்றுங்கள். மீதியைக் கேனில் ஊற்றிக் குழாய் வழியாக, அதே போலக் கொதிக்கவைத்த இன்னொரு பாட்டிலில் பிடியுங்கள். இரண்டையும் மூடியைத் தளர்வாக வைத்து அறையிலேயே விடுங்கள். குழாய் வழி வந்தது ஒரே நாளில் கலங்கிக் குமிழி விட, மற்றது மூன்று நாள் தெளிவாக நின்றால் சந்தேகம் தீர்ந்தது. இரண்டுமே ஒன்றாகக் கலங்கினால் கையில், புனலில், பாட்டிலில் தேடுங்கள். சோதனைத் தண்ணீரைச் சுவைக்காமல் கொட்டிவிடுங்கள்.

நூல் விட்ட லூகோனோஸ்டாக் நமக்கு அந்நியன் அல்ல. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை கிடைத்தால் அதை டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக மாற்றிவிடும். மாவு கரைத்த கையோடு, அதே கரண்டியோடு இஞ்சிக் கேனைத் தொடவில்லையே என்று யோசித்துப் பாருங்கள். மே மாத வினிகருக்கு வேறொரு கேள்வி: பக்கத்தில் மாம்பழக் கூடை இருந்ததா? சேலத்தில் மே மாதம் மாம்பழம் இல்லாத வீடு ஏது? பழ ஈ அசிட்டிக் பாக்டீரியாவைக் காலில் சுமந்து வரும். இரட்டை மடிப்பாக நெருக்கமான துணி கட்டி, கூடையை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

வெள்ளை ஆடை தட்டையாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தால் ஆபத்து குறைவு, ருசிதான் போகும். பஞ்சு போல மயிர் விட்டோ, பச்சை, கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சை. மேலே வழித்துவிட்டுக் குடிக்காதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள்.

இனி தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆற்றினால் குளோரின் பெருமளவு போய்விடும். வெயிலைப் பொறுத்தவரை, சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் நான்கைந்து நாள் எடுப்பது இங்கே ஒன்றரை நாளில் முடிந்துவிடும். அம்மாவின் நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், குமிழியைப் பாருங்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 4-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பிஎச் தாளில் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்; புளிப்பு ஏற ஏற அந்த எண் இறங்கும். நாள் கூடினால் ஆல்கஹாலும் கூடும். அளவில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது இன்றும் குற்றம். குறைந்த நாளில் எடுத்தாலும் சிறிதளவு ஆல்கஹால் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

கோலி சோடா பாட்டில் வேண்டாம். கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கோலிக்குழியையும் வீட்டில் சுத்தம் செய்ய முடியாது, உங்கள் குழாய்க் கதையேதான். அதோடு, உள்ளே புளிப்பு தொடர்ந்தால் அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று கண்ணாடியில் தெரியாது, வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். விரலால் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இறுகிவிட்டால் உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். அந்த பாட்டிலில் கொதிநீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும்.

இப்போது வீட்டில் இருக்கும் உறையைக் கொட்டிவிடுங்கள், அந்தக் கேனில் கிடந்தது இனி நம்பத்தக்கதல்ல. அம்மாவிடம் புதிதாக வாங்கி, கொதிக்கவைத்து ஆறிய சின்னக் கண்ணாடி பாட்டிலில் பாதி மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் குலுங்கி, கீழே வர வரச் சூடும் ஏறும். மூடியை இறுக்காமல், நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.