567 கேள்வியும் அந்த 74-உம்

கேள்வி: என் தம்பி போதை மறுவாழ்வு மையத்துல சேர்ந்து பத்து நாள் ஆகுது. அஞ்சாவது நாளே 567 கேள்வி குடுத்து ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் எழுத வச்சிட்டாங்க. ரிப்போர்ட்ல நாலாவது ஸ்கேல் 74, சமூக விரோதப் போக்குன்னு இருக்கு. சின்ன வயசுல அவன் அப்படி இல்லைங்க. இனி திருந்தவே மாட்டானா?

பதில்: முதல்ல அந்தப் பேப்பர மடிச்சு உள்ள வைங்கம்மா. 567 கேள்வின்னா அது எம்எம்பிஐ-2 டெஸ்ட்டாத்தான் இருக்கும், 1989-ல வந்தது, எல்லாமே ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி வரும். அதுல ஸ்கேல்னா ஒரு குணத்த அளக்குற பகுதி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்கோர் வரும்; 50 சராசரி, 65-ஐத் தாண்டினா கவனிக்கணும்னு அர்த்தம், அவ்ளோதான், தீர்ப்பு இல்ல.

இப்ப அந்த நாலாவது ஸ்கேல் என்ன கேக்குதுன்னு பாருங்க. வீட்ல சண்டையா, போலீஸ் கேஸ்னு ஏதாவது மாட்டினதுண்டா, பண்ணதுக்கு வருத்தப்படுறியா, இந்த மாதிரிதான். பல வருஷமா போதைல கிடந்து, வீட்ல காசத் தூக்கி, அப்பாகிட்ட அடி வாங்கினவன் இதுக்கெல்லாம் நேர்மையா பதில் சொன்னா ஸ்கோர் ஏறாம என்ன பண்ணும்? சிகிச்சைக்கு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இந்த ஸ்கேல் ஏறித்தான் இருக்கும். அது குணமா, போதை இழுத்துவிட்ட வாழ்க்கையான்னு அந்த நம்பர் பிரிச்சுச் சொல்லாது.

இன்னொண்ணு, அஞ்சாவது நாள்ங்கிறதுதான் எனக்கு உறுத்துது. கை நடுங்கும், ராத்திரி தூக்கம் இருக்காது, யாரப் பாத்தாலும் எரிச்சல் வரும், அந்த நிலைமைல ஒன்றரை மணி நேரம் உக்காந்து டிக் அடிச்சா பதட்டம், சோர்வு, சந்தேகம் எல்லா ஸ்கேலும் சேர்ந்து ஏறும். போதை இறங்கி சில வாரம் கழிச்சு எழுதினா அதுல கொஞ்சம் தானாவே இறங்கிடும். மறுபடி எப்ப எழுத வைப்பீங்கன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. கேள்வியப் படிக்காம கண்டபடி டிக் அடிச்சாலோ, நல்லவன் வேஷம் போட்டாலோ கண்டுபிடிக்க தனி ஸ்கேல் இருக்கு, அது எப்படி வந்திருக்குன்னும் கேளுங்க.

அப்போ டெஸ்ட்டே வேஸ்ட்டான்னு கேப்பீங்க. இல்லம்மா, ஒருத்தன் த்ரில்லுக்காக எடுக்குறான், இன்னொருத்தன் பயத்த அமுக்க எடுக்குறான், ரெண்டு பேருக்கும் ஒரே கவுன்சிலிங் எடுபடாது, அதப் பிரிக்க உதவும். மத்தபடி ‘அடிக்‌ஷன் பர்சனாலிட்டி’ன்னு தனியா ஒரு குணமே கிடையாது.

ஒண்ணே ஒண்ணு, அவன்கிட்ட போய் “நீ சமூக விரோதியாமே”ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ரிசல்ட்ட கவுன்சிலரே உக்காந்து அவனுக்கு விளக்கட்டும், கூட நான் இருக்கலாமாடான்னு தம்பிகிட்டயே கேளுங்க.