'கம்பஸ் பிள்ளை' கொச்சையா?

கேள்வி: பல்கலைக்கழக மாணவர்களை உங்கள் இதழில் 'கம்பஸ் பிள்ளை' என்று எழுதுகிறீர்கள். அது கொச்சை அல்லவா? 'கல்லூரி மாணவர்' என்று அழகாக எழுதினால் என்ன?
– ஹட்டன் வாசகர்

பதில்: எழுதினால் பொருளே மாறிவிடும். 'கல்லூரி மாணவர்' என்பது தமிழ்நாட்டு வழக்கு. நம் இலங்கையில் கல்லூரி என்ற பெயரைப் பெரும்பாலும் பாடசாலைகளே தாங்கியிருக்கின்றன. உங்கள் ஊர் ஹைலன்ட்ஸ் கல்லூரியையே பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண்ணை நாங்கள் 'கல்லூரி மாணவி' என்று எழுதினால், 'என் மகள் உயர்தரப் பரீட்சையைத் தாண்டியது இவர்களுக்குத் தெரியாதா?' என்று அவளுடைய தாய் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

'கம்பஸ்' வெறும் பேச்சுச் சொல்லாக வந்ததுமில்லை. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. பேராதனை, கொழும்பு, கட்டுபெத்தை எல்லாம் அதன் வளாகங்கள், அதாவது 'கம்பஸ்'கள் ஆயின. 1974இல் யாழ்ப்பாணம் வளாகமாகவே பிறந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. பெயர்ப்பலகையைவிட்டுப் போன சொல் நம் வாயில் மட்டும் தங்கிவிட்டது. 'கம்பஸ் கிடைத்துவிட்டது' என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. 'கம்பஸ் முடித்தவர்' என்றால் பட்டதாரி. இதை விளங்கிக்கொள்ளாத தேயிலைத் தோட்டம் மலையகத்தில் உண்டா?

எனக்கு அதைவிடப் பெரிது, கூடவே வரும் 'பிள்ளை'. விடுமுறைக்கு வந்த மாணவி ஒருத்தி, காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தின் ஓரமாக நடந்து போனாள். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பாட்டி, கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவளின் தோளைத் தட்டி, "நம் லயத்துக் கம்பஸ் பிள்ளை" என்று காட்டினார். ஒரே லயத்து, அதாவது ஒரே தோட்டத்து வரிசை வீடுகளின், ஆள் என்பதைத் தவிர அந்தப் பாட்டி அவளுக்கு எந்த உறவும் இல்லை. ஆனாலும் அவர் வாயில் அவள் பிள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அந்தச் சொல்லை வெட்டி எறிந்துவிட்டு 'மாணவி' என்று திருத்த எனக்குக் கை வராது.

செய்திப் பக்கத்தில் 'பல்கலைக்கழக மாணவர்' என்றுதான் போடுகிறோம். வீட்டுப் பேச்சு வரும் கட்டுரைகளிலேயே 'கம்பஸ் பிள்ளை' வருகிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயில்பவர்களை ஒருபோதும் அப்படி எழுதுவதில்லை. அவர்கள் ஆசிரிய மாணவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயரே உரியது.