மினிட்ஸ் புக் எங்கே சார்? அடுக்ககச் சங்கக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சம்ப் கசிவு பற்றி. அதற்கு பிளம்பரைக் கேளுங்கள். மீதியில் சில:

48 வீட்டில் ஏஜிஎம்முக்கு (ஆண்டுப் பொதுக்கூட்டம்) வந்தது 9 பேர். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய எண்ணிக்கை) இல்லை. என்ன செய்வது? (வடவள்ளி)

பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, பிரித்துப் பாருங்கள். அரை மணி தள்ளிவைத்து அதே இடத்தில் மறுபடி கூட்டலாம், வந்தவர்களே கோரம் என்று பல பைலாக்களில் இருக்கும். உங்களுடையதிலும் இருந்தால் அதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், ஞாயிறு காலை 11 மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? மாலையில் வைத்துப் பாருங்கள்.

செயலர் ஐந்து வருஷமாக நாற்காலியை விடவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? (பெரம்பூர்)

சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் கமிட்டியின் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால் தொடரலாம். தேர்தலே நடக்காமல் தொடர முடியாது. பதிவாளர் அலுவலகத்தில் கமிட்டி மாற்றத்தைத் தெரிவிக்கும் 7-ஆம் படிவத்தைக் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள்.

மாதம் 8,000 ரூபாய் மெயின்டனன்ஸ் வாங்குகிறோம், 14 வீடு. ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? (நங்கநல்லூர்)

வீட்டுக்கு 7,500-ஐயும் தாண்ட வேண்டும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்ட வேண்டும். உங்களுக்கு வருவது 13 லட்சம் சொச்சம். செல்போன் டவர் வாடகை மாதிரி வேறு வரவு இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பெயிண்ட் வேலைக்கு வாட்ஸ்அப்பில் 40-க்கு 31 பேர் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். வேலையைத் தொடங்கலாமா? (வேளச்சேரி)

தொடங்காதீர்கள். கட்டைவிரல் ஓட்டு ஆகாது. அந்த 31-ல் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை? ஒரே வீட்டில் கணவரும் மனைவியும் தனித்தனியாகப் போட்டது எத்தனை? முதலில் வந்த 6 லட்சம் கொட்டேஷனுக்குப் போட்டார்களா, மறுநாள் வந்த 9 லட்சத்துக்கா? நடுவில் நாலு குட்மார்னிங் படம் வேறு.

எங்கள் பிளாக்கில் இப்படித்தான் மொட்டை மாடிக்கு வாட்டர்புரூஃபிங் போட்டோம். ஏறக்குறைய 2 லட்சம். குரூப்பில் ஒரே கைதட்டல். ஐப்பசி மழையில் மூன்றாம் மாடிப் படுக்கையறை ஒழுகியது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால், 'ஐந்து வருஷ கேரன்டி என்று நான் எங்கே சார் சொன்னேன்?' என்றார். முன்பு குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகச் சொல்லியிருந்தார். அதைப் பத்திரப்படுத்திய செயலர் அதற்குள் போனை மாற்றிவிட்டார். சரி, கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட்ஸ் புக்கைப் பார்ப்போம் என்று திறந்தோம். அந்த மாதத்துக்கு இரண்டே வாக்கியம்: 'கூட்டம் நடந்தது. போண்டா, காபி வழங்கப்பட்டது.' எழுதியது நான்தான். அப்போது இணைச் செயலர்.

அதனால்தான் விடாமல் சொல்கிறேன்: நோட்டீஸ், கோரம், மினிட்ஸ். பெயிண்ட் வேலையை 'இதர விஷயங்கள்' என்பதற்குள் ஒளிக்காமல் தனித் தலைப்பாகப் போட்டு, மூன்று கொட்டேஷனையும் நோட்டீஸோடு அனுப்புங்கள். மினிட்ஸில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, தொகை, அது கார்ப்பஸ் என்ற சேமிப்பு நிதியிலிருந்தா மாதச் சந்தாவிலிருந்தா, எல்லாம் வர வேண்டும். பக்க எண் அச்சிட்ட புக் வாங்குங்கள். தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் நகல் போகட்டும். தண்ணீர் லாரி வந்தாச்சா என்று கேட்க வாட்ஸ்அப் நல்ல சாதனம்தான்.

ஏழு மாதச் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்குத் தண்ணீரை நிறுத்தலாமா? (சேலம்)

கூடாது. தண்ணீர் அடிப்படைத் தேவை. நிறுத்தினால் அவர் போலீசுக்குப் போவார், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பாக்கிக் கணக்கை மாதவாரியாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். பைலாவில் இருந்தால் மட்டும் வட்டி போடுங்கள். அப்படியும் தரவில்லையென்றால் சிவில் கோர்ட். மூன்று வருஷத்துக்கு மேல் ஊறப்போட்டால் பழைய பாக்கி காலாவதியாகிவிடும். சந்தா எவ்வளவு என்று முடிவு செய்த தீர்மானம் மினிட்ஸில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.

வாடகைக்கு இருப்பவர் கூட்டத்தில் பேசலாமா? (மடிப்பாக்கம்)

தலைவர் அனுமதித்தால் பேசலாம். ஓட்டு உரிமையாளருக்குத்தான்.

கார்ப்பஸ் டெபாசிட் வட்டிக்கு வரி உண்டா? (திருச்சி)

உண்டு. உறுப்பினர்களிடம் வாங்கி உறுப்பினர்களுக்கே செலவழிக்கிற பணம் வேறு, வங்கி தரும் வட்டி வேறு. பெங்களூர் கிளப் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்கள் சங்கத்தில் ஒரே பிரச்சினை. வழி சொல்லுங்கள். (ஊர் பெயர் இல்லை)

பிரச்சினை என்னவென்றும் இல்லை. அடுத்தது.

பொருளாளர் மூன்று மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறார். பத்து செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (பல்லாவரம்)

ஒன்றுகூட வாங்காதீர்கள். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், நீங்களும் அப்படியே. செக் புக் இருக்கும் மேஜை டிராயர் எல்லாருக்கும் திறக்கும். கமிட்டியைக் கூட்டி இன்னொருவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்து, அவர் கிளம்புவதற்குள் வங்கியில் சேர்த்துவிடுங்கள். வங்கியில் தீர்மானத்தின் நகல் கேட்பார்கள். மினிட்ஸ் புக் வாங்கியாச்சா?