காப்பகத்தில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போக ரயில் சலுகை உண்டா?

கேள்வி: பெற்றோர் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பி வெளியூர்க் காப்பகத்தில் இருக்கிறான். மாதாமாதம் பார்த்துவர ரயில் செலவு கட்டுப்படியாகவில்லை. அக்கா என்ற முறையில் எனக்குச் சலுகை கிடைக்குமா?

பதில்: நீங்கள் மட்டும் தனியாகப் போவதற்குக் கிடைக்காது. ரயில்வே சலுகை தம்பிக்கு உரியது. அவரோடு சேர்ந்து பயணிக்கும் துணையாளர் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. ராஜ்தானி, சதாப்தி போன்றவை அல்லாத சாதாரண ரயில்களில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம்.

ஆக, விடுமுறைக்குத் தம்பியை வீட்டுக்கு அழைத்துவந்தால், கூட்டிவரும்போதும் திரும்ப விடப்போகும்போதும் இருவருக்கும் சலுகை உண்டு. கூட்டிவரக் கிளம்பும்போதும், விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போதும் முழுக் கட்டணம்தான். இது நியாயமா என்றால், இல்லை என்பேன். ஆனால் இன்றைய விதி இதுதான்.

இந்தச் சலுகைக்காக அரசு மருத்துவரிடம் சான்று வாங்கும்போது, 'துணையில்லாமல் பயணிக்க இயலாதவர்' என்ற விவரம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் சலுகை கிடைக்காது.

சரி, வேறு வழி? வருமான வரி கட்டுபவரா நீங்கள்? தம்பி உங்களைச் சார்ந்திருந்து, அவருடைய சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ மறுவாழ்வுக்கோ நீங்கள் செலவு செய்தால், பழைய வரி முறையில், வரிக்குரிய வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. செலவான தொகை இதைவிடக் குறைவாக இருந்தாலும் முழுக் கழிவும் கிடைக்கும். பயணச் செலவை இதில் காட்ட முடியாதுதான். ஆனாலும் மிச்சமாகும் வரி டிக்கெட்டுக்கு ஆகுமே! புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் இது கிடையாது.

அப்புறம், உரிமை என்று வாதாட இடம் இருக்கிறதா? இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 28-வது பிரிவு, குறைபாடு சார்ந்த செலவுகளுக்கு ஏழைக் குடும்பங்களும் அரசின் உதவியைப் பெற வகைசெய்யச் சொல்கிறது. அதை வைத்து உடனே பணம் வாங்க முடியாது. ஆனால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஆணையர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் என்ன செய்தது என்று தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். மனுவில் தம்பியின் பெயரையும் சேருங்கள். மாற்றுத்திறனாளிக்கு வழக்கறிஞர் செலவில்லாமல் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.