மூன்று சென்டிமீட்டர்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினான்கு ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன். அண்மையில் முடித்த ஒரு வீட்டில், கூடத்துச் சன்னலின் மேல்விளிம்பும் அதை ஒட்டிய கதவின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் அமையும்படி வரைந்திருந்தேன். கட்டி முடித்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் வேறுபாடு. வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்கவே இல்லை; மகிழ்ச்சியாகக் குடியேறிவிட்டார்கள். எனக்கோ அந்த வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. முழுமை இல்லாமல் ஒரு கட்டடம் அழகாக இருக்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உங்களை வருத்துவதை நான் குறையாக நினைக்கவில்லை. தான் வரைந்த கோடு பிசகியது கண்டு வருந்தாதவரிடம் என் வீட்டைக் கட்டக் கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் ‘முழுமை’ என்று எழுதியிருப்பது உண்மையில் பிழையின்மையைத்தான் என்று தோன்றுகிறது. முழுமை என்ற சொல்லில் இருப்பது ‘முழு’. பகுதிகள் ஒன்றையொன்று தாங்கி ஒரே பொருளாக நிற்பதை அது குறிக்கிறது. இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைத் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் கட்டிய ஒரு வீடு எனக்குக் காட்டியது.

1926 முதல் 1928 வரை, வியன்னாவில் தம் சகோதரி மார்கரெத்துக்காக, பால் எங்கல்மான் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய திட்டத்தை ஏற்று அவர் அந்த வீட்டை உருவாக்கினார். கதவுக் கைப்பிடி, சன்னல் தாழ்ப்பாள், வெப்பமூட்டி என ஒவ்வொன்றும் அவர் சொன்ன அளவில் வார்க்கப்பட்டது. வேலை ஏறக்குறைய முடிந்து சுத்தம் செய்யத் தொடங்கவிருந்த நேரத்தில், ஒரு பெரிய அறையின் கூரையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார், உயர்த்தவும் செய்தார்கள். இத்தனை நேர்த்திக்குப் பிறகு, பல ஆண்டுகள் கழித்து அவரே தம் குறிப்பில், அந்த வீட்டில் நுட்பமான காதும் நல்ல பண்பும் இருக்கின்றன, ஆனால் வெளியே பீறிட முயலும் ஆதி உயிர் இல்லை என்ற பொருளில் எழுதினார். கூரையை உயர்த்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. அறையின் விகிதத்தைக் கேட்கத் தெரிந்தவருக்கே அந்த வேறுபாடு கேட்டிருக்கும். பிழைகளையெல்லாம் நீக்கி முடித்த இடத்தில் அழகு தானாக வந்து அமர்ந்துவிடாது என்பதை அவரைவிட நேர்மையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

ஏதென்ஸின் பார்த்தினானை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோயிலின் அடித்தளம் தட்டையானதன்று. சுமார் எழுபது மீட்டர் நீளமுள்ள பக்கங்களில் நடுப்பகுதி ஏறத்தாழ பதினொரு சென்டிமீட்டர் மேலெழுந்திருக்கிறது. தூண்கள் இலேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் மட்டும் நம்பினால் இவையெல்லாம் பிசகுகள். அந்த வளைவைப் பெறுவதற்காகக் கற்களைத் தனித்தனியே கணக்கிட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். நேர்கோட்டை விட்டு விலகுவதற்கு நேர்கோட்டை எட்டுவதைவிடக் கூடுதல் துல்லியம் தேவைப்பட்டிருக்கிறது.

உங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டாக்காவில் இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் அங்கே நாடாளுமன்றத்தை வடிவமைத்தபோது, இயந்திர வசதி குறைந்த சூழலில் கான்கிரீட்டைத் தொழிலாளர்கள் தலைச்சுமையாகக் கொண்டுசென்று கொட்ட வேண்டியிருந்தது. ஒரு முறைக்கு ஐந்தடி உயரமே வார்க்க முடிந்தது. ஒரு வார்ப்பும் அடுத்த வார்ப்பும் சந்திக்கும் கோடு ஒருபோதும் சீராக அமையாது. பூசி மறைப்பது எளிய வழி. கான் அந்தச் சந்திப்பிலேயே வெள்ளைப் பளிங்குப் பட்டையைப் பதித்தார். சாம்பல் நிறச் சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக ஓடும் அந்த வெண்கோடுகள்தாம் இன்று அந்தக் கட்டடத்துக்கு அளவையும் தாளத்தையும் தருகின்றன. மனிதக் கை எங்கே தளரும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதற்கு ஓர் இடம் ஒதுக்கிய வடிவமைப்பு அது. 1974இல் கான் இறந்தார். கட்டடம் 1982இல்தான் முடிந்தது. அவர் அருகில் நின்று திருத்த முடியாத ஆண்டுகளிலும் அந்த அழகு சிதையவில்லை என்பது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது.

இப்போது உங்கள் சன்னலுக்கு வருகிறேன். சன்னலின் மேல்விளிம்பு கொத்தனாரின் கையில் இருந்தது. கதவின் மேல்விளிம்பு தச்சரின் கையில். இருவேறு கைகள் ஒரு மெல்லிய கோட்டில் பிசகின்றிச் சந்திக்க வேண்டும் என்று வரைந்துவிட்டு, பிசகினால் ஏற்றுக்கொள்ள எதையும் நீங்கள் வைக்கவில்லை. சுவரும் தரையும் சேருமிடத்தில் ஸ்கர்ட்டிங் பட்டை ஓடுவதும், நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே சட்டம் அடிப்பதும் அலங்காரத்துக்காக மட்டும் தோன்றியவை அல்ல; இப்படிப்பட்ட பிசகை ஏற்றுக்கொள்ளவும்தான். பிழை நிகழ்ந்தது கட்டுமிடத்தில் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; எனக்கு அது வரைபடத்தில் நிகழ்ந்ததாகவே தெரிகிறது.

அந்த வீட்டை இடித்துத் திருத்த வேண்டாம். ஒரு மாலையில் அங்கே சென்று, வீட்டுக்காரர்கள் வழக்கமாக உட்காருமிடத்தில் நீங்களும் உட்காருங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது, கண் எங்கே முதலில் போகிறது என்று பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போதும் அந்தக் கோடு உறுத்தினால், இரண்டு விளிம்புகளையும் சேர்த்து ஒரே மரச்சட்டத்தை ஓடவிடலாமா என்று யோசியுங்கள். செய்தால் எனக்கு எழுதுங்கள்.