நான்கு சாயா, இரண்டு பழம்பொரி – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு கிராமம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

என் நாள் முழுக்கச் சின்னச் சின்ன சந்தோஷங்கள்தான். ஜன்னலோர சீட் கிடைப்பது, லேபில் ரீடிங் சரியாக வருவது, சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று நான்கு சாயாவும் இரண்டு பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி) வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்பது, எப்போதாவது காபி ஹவுஸ் போவது.

அதே நேரத்தில் அப்பா, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போன தோட்டத்தில் நிற்கிறார். என்னோடு பி.எஸ்ஸி. படித்த தோழி மேற்படிப்புக்காக ஜெர்மனி போகத் தயாராகிறாள். "பாதிப் பழம்பொரியில் திருப்தி அடைந்தால் நீ இங்கேயே நின்றுவிடுவாய்" என்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் குற்றவுணர்ச்சி வந்துவிடுகிறது. இதெல்லாம் ஒருவிதத் தப்பித்தலா?

பின்குறிப்பு: திருச்சூரிலிருந்து வந்து படிக்கும் தோழிகள் ராமசேரி இட்லிக்குக் கூட்டிப்போ என்கிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் நானே போனதில்லை. போகலாமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

தப்பித்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எல்லாவற்றையும் 'சின்னச் சந்தோஷம்' என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டீர்கள். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

லேபில் ரீடிங் சரியாக வருவது என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போலிருக்கிறது. நானும் சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தவள். டைட்ரேஷனில், நிறம் காட்டும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்ட அமிலக் குடுவையை வலது கையால் சுழற்றிக்கொண்டே இடது கையால் காரக் கரைசல் நிரப்பிய அளவுக்குழாயான பியூரெட்டைத் திறப்போம். காரம் விழுந்த இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி உடனே மறையும். போகப்போக மறைவதற்கு நேரம் எடுக்கும். அங்கே கை தானாக மெதுவாகும். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். பாதிச் சொட்டைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு எடுத்து, வாஷ் பாட்டிலால் கழுவி இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குடுவை முழுக்க வெளிறிய ரோஜா நிறம் பரவி அரை நிமிடம் கலையாமல் நின்றால் முடிந்தது. ஒரு சொட்டு கூடிப்போனால் நிறம் அடர்ந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே அளவு வரும்போது உண்டாகும் சந்தோஷம் கை பழகியவருக்கு மட்டுமே கிடைப்பது. அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தோழி ஜெர்மனியில் வேதியியல் படிக்கப் போகிறாள் என்றால் அவளுக்கும் அங்கே நாள்தோறும் வேண்டியிருப்பது இதுதான். இது இல்லாமல் அந்தப் படிப்பில் யாராலும் பல வருடம் தாக்குப்பிடிக்க முடியாது.

(உங்கள் கல்லூரியில்தான் மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் வேதியியல் படித்து 1953-இல் பட்டம் வாங்கினார். நீங்கள் சாயங்காலம் நடந்து போகும் சாலைகளில் அவரும் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.)

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். அந்த ஜன்னலோர சீட் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கேரளத்தில் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2018-இல் ஏழு ரூபாயிலிருந்து எட்டானது. 2022-இல் எட்டு பத்தானது. இரண்டு தடவையும் மாணவர்களின் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ரூபாயை விட்டு நகரவில்லை. தூரம் கூடினாலும் கன்செஷனில், அதாவது மாணவர் சலுகைக் கட்டணத்தில், சில ரூபாய்களோடு முடிந்துவிடுகிறது. இதை ஏற்ற வேண்டும் என்று பஸ் முதலாளிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டீசல் விலை அவர்களுக்கும்தான் ஏறுகிறது, அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றக்கூடாது என்று மாணவர் அமைப்புகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தெருவில் இறங்கியிருக்கின்றன. வெயிலில் நின்று கோஷம் போட்டவர்களில் பலர் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். "கன்செஷன் எல்லாம் வண்டி எடுக்கும்போது ஏறினால் போதும்" என்று கிளி சத்தம் போடுவதைக் கேட்டு நானும் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றிருக்கிறேன். (வெளியூர் வாசகர்களுக்காக: தனியார் பஸ்ஸில் கதவருகே நின்று ஆள் ஏற்றி இறக்குபவரை இங்கே கிளி என்போம்.) அத்தனையும் தாண்டி ஏறியபின் கிடைக்கும் ஜன்னல் அது.

ஜன்னலுக்கு வெளியே இருப்பதை மட்டும் யாரும் போராடி வாங்கவில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத திறப்பு. ஜூனில் மேற்கிலிருந்து மழை வாசனையோடு வரும் காற்று, மார்கழி தை மாதங்களில் திசை மாறிக் கிழக்கிலிருந்து காய்ந்துபோய் வந்து கதவுகளை அடித்துச் சாத்துகிறது. உங்கள் ஊரின் கரிசலும் பனைகளும் பாலக்காட்டை நெருங்க நெருங்க நெல்வயல்களாவதை ஒரே பயணத்தில் பார்க்கிறீர்கள். கைபேசியை எடுக்காமல் பார்க்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

காபி ஹவுஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. 1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தபோது தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, நீங்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்துங்கள் என்றார். கேரளத்தில் அப்படி முதல் இந்தியன் காபி ஹவுஸ் 1958-இல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகையோடு உங்கள் மேசைக்கு வருகிறாரே, அவர் வெறும் பரிமாறுபவர் இல்லை, அந்த நிறுவனமே தொழிலாளர்களின் கூட்டுறவு. ஒரு கட்லெட்டை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. எங்கள் காலத்திலும் அப்படித்தான். மசாலா தோசைக்குள் பீட்ரூட் சிவப்பைப் பார்த்ததும் பொள்ளாச்சியிலிருந்து வந்த என் தோழி திகைத்துப்போனாள். அப்புறம் அதைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். கையில் காசில்லாத மாணவர்கள் மரியாதையாக உட்கார ஒரு இடம் வேண்டும் என்பது எளிய விஷயமாகத் தெரியலாம். அப்படி ஓர் இடம் இல்லாத ஊர்களில் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதே மாதிரிதான் கிராமத்து வாயனசாலையும் (நூலகம்). பி.என். பணிக்கர் 1945-இல் திருவிதாங்கூரில் நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கம் பின்னால் கேரளம் முழுக்கப் பரவியது. உங்கள் பட்டியலில் நூலகம் இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. போங்கள்.

இனி அந்த நான்கு சாயா. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்ட இடம் அதுதான். காரணம் பழம்பொரி இல்லை, நீங்கள் நான்கு பெண்கள் சாயங்காலம் சாயாக்கடை வாசலில் நிற்கிறீர்கள் என்பது. நான் படித்த காலத்தில் எங்களால் அங்கே நிற்க முடியாது. கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஊர் சொல்லும். பையன்கள் கண்ணாடி டம்ளரோடு சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி விடுதிக்கு வேகமாக நடப்போம், இருட்டுவதற்கு முன் கதவைப் பூட்டிவிடுவார்கள். இந்த நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரளத்தில் மாணவிகளே உயர் நீதிமன்றம் வரை போனார்கள். உங்களுக்கு அது வெறும் சாயா. எனக்கு அப்படி இல்லை. நீங்கள் நிம்மதியாகக் குடிப்பதை நினைத்தாலே நிறைவாக இருக்கிறது. அதில் குற்றவுணர்ச்சியைக் கலக்காதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்னச் சந்தோஷங்களைக் கொண்டாடச் சொல்லி மாணவர்களின் வாயை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், 'இந்த நாட்கள் திரும்ப வராது, அனுபவியுங்கள்' என்பார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்றால் 'கஷ்டத்திலும் ஒரு சுகம் இருக்கிறது' என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மழையை ரசிப்பவளுக்கு ஒழுகும் கூரையைப் பற்றிப் புகார் கொடுக்க முழு உரிமை உண்டு. உங்கள் தோழி பயப்படுவது இந்த மாதிரித் திருப்தியைப் பார்த்துத்தான் என்றால் அவள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. ஜெர்மனி போவதும் இங்கே இருப்பதும் வேறு கணக்கு. படிப்பு, பணம், வீடு, விருப்பம் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. பழம்பொரிக்கு அதில் பங்கில்லை.

அப்பாவைப் பற்றி. உங்கள் சிரிப்பால் அவருடைய தண்ணீர் குறையவில்லை. நீங்கள் சிரிக்காமல் இருந்தால் போர்வெல்லில் நீர் ஏறப்போவதும் இல்லை. அந்தத் தண்ணீர்க் கஷ்டத்துக்குக் காரணங்கள் வேறு. கேரளத்தில் கொட்டும் மழை வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற நம் கிழக்குப் பஞ்சாயத்துகள் பக்கம் அவ்வளவாக வந்து சேர்வதில்லை. ஆற்றுநீருக்கோ தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆழியாற்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பாசனத்துக்கு வரவேண்டும். எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில் இரண்டு மாநிலங்களுக்கும் ஓயாத வாக்குவாதம். நான் படித்த கல்லூரி சோகநாசினி ஆற்றின் கரையில் இருக்கிறது. வகுப்பில்லாத மத்தியானங்களில் ஆற்றில் கால் நனைத்து உட்காருவோம், இசைத் துறையில் யாராவது வர்ணம் பாடிப் பழகுவது கேட்கும். கோடையில் ஒருநாள் திடீரென்று தண்ணீர் கூடியிருந்தால் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு அது விளையாட்டு, வயல்காரர்களுக்கு அதுதான் அந்த வருடத்துச் சோறு. இரண்டும் ஒரே தண்ணீர்தான். விளையாடியதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான்.

ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு இ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் அதன் கடினத்தன்மையைப் பாருங்கள். ஒயின் சிவப்பு நிறம் நீலமாகும் அந்தக் கணம் பினால்ப்தலீனைவிட அழகாக இருக்கும். நம் கிழக்குப் பஞ்சாயத்துகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன, துறையில் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். வந்த எண்களை அப்பாவிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் ஃபீஸும் மார்க்கும் மட்டும் பேசுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. நான்கு சாயா கதையையும் சொல்லுங்கள். மகள் ஊரில் சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் எந்த அப்பா வருத்தப்படுவார்?

ராமசேரிக்குத் தாராளமாகப் போகலாம். எலப்புள்ளிப் பக்கம்தான், உங்கள் பாதையிலிருந்து அதிகம் விலகாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் செய்வது. தலைச்சுமையாகப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள். மண்பானை வாயில் நூல் வலை பின்னிய வளையத்தை வைத்து, மேலே துணி விரித்து, மாவு ஊற்றி விறகடுப்பில் வேக வைப்பார்கள். தட்டையாக, சின்ன தோசை போல இருக்கும். பொடியும் எண்ணெயும் கேட்டு வாங்குங்கள். லேப் இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே போய்விடுங்கள். திருச்சூர்க்காரர்களுக்குச் சாம்பாரும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா