கெடிலத்துத் தூண்டில்காரர் அல்கோன்குயின் காட்டுக்குப் புறப்படும் முன்

கேள்வி: எனக்கு வயது 61. கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். சிறுவயது முதல் உப்பனாற்றிலும் கெடிலம் முகத்துவாரத்திலும் தூண்டில் போட்டுப் பழகியவன். டொரான்டோவில் வேலை பார்க்கும் மகன், வரும் ஜூன் இரண்டாம் வாரம் என்னைக் கனடாவின் அல்கோன்குயின் காட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, ஐந்து நாள் கூடாரத்தில் தங்கி, 'ஃப்ளை ஃபிஷிங்' முறையில் மீன் பிடிக்கலாம் என்கிறான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் போகலாமா? இங்கேயே எதைப் பழகிக்கொள்ள வேண்டும்? கருவாடும் ஊறுகாயும் எடுத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், ஐயா. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது தேதி.

அல்கோன்குயினில் ஏரிகளை மூடியிருக்கும் பனிக்கட்டி பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் உருகி முடிகிறது. அதன்பின் சில வாரங்களுக்குத் தண்ணீர் மேல்மட்டத்திலும் குளிர்ந்திருப்பதால், நீங்கள் தேடிப் போகும் புரூக் ட்ரௌட் என்ற மீன் கரையோரத்திலேயே மேயும். உங்கள் மகன் ஜூனைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கும். ஆனால் மே நடுவிலிருந்து ஜூன் முடிய 'பிளாக் ஃப்ளை' எனப்படும் சிறிய கறுப்பு ஈ அந்தக் காட்டை ஆள்கிறது. அதன் கூடவே கொசுவும் சேர்ந்துகொள்கிறது. ஓடும் நீரில் பெருகும் இந்த ஈ பகலில் மட்டும் கடிக்கும். காதுக்குப் பின்னாலும் மயிர்க்கோட்டிலும் சட்டைக் கழுத்துப்பட்டியின் ஓரத்திலும் ஊர்ந்து இடம் தேடி, தோலைக் குத்தாமல் கிழித்து இரத்தம் குடிப்பதால், கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால் அது எளிதில் ஆறாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை செப்டம்பர் இரண்டாம் வாரம். அப்போது ஈயும் கொசுவும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். கோடையில் ஆழத்துக்குப் போன மீன் தண்ணீர் குளிரக் குளிர மேலே வரத் தொடங்கும். புரூக் ட்ரௌட்டுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட பருவமும் செப்டம்பர் முடிவு வரை நீள்கிறது. இரவில் குளிர் 5 பாகைக்கும் கீழே இறங்கக்கூடும். அதைத் துணியால் சமாளித்துவிடலாம். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது, ஜூனைத் தவிர வழியில்லை என்றால், தொப்பிக்கு மேல் போட்டுக்கொள்ளும் முகவலை, வெளிர்நிற முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். அடர்நீலமும் கறுப்பும் இந்த ஈயை அழைத்துக் கூட்டும். பூச்சிவிரட்டிகளில் 'டீட்' கலந்தது தூண்டில் கயிற்றின் மேற்பூச்சையே கரைத்துவிடும் என்பதால் 'இகாரிடின்' கலந்ததை வாங்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கைக்கு வருவோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தூண்டில் போட்ட கை உங்களுடையது. தண்ணீரைப் பார்த்து மீன் எங்கே நிற்கும் என்று கணிக்கும் கண் அங்கேயும் உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் எறியும் முறை மட்டும் அடியோடு வேறு. நாம் ஈயக்குண்டை எறிகிறோம், அது நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இரையாக இருப்பது முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பூச்சிப் பொம்மை; அதற்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றுக்கே எடை கொடுத்துவிட்டார்கள். '5 வெயிட்' என்று விற்கும் கயிற்றின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். அந்த எடை கோலை வளைக்க, வளைந்த கோல் நிமிரும்போது கயிறு வளையமாகச் சுருள் அவிழ்ந்து முன்னே செல்ல, அதன் நுனியில் பூச்சி பின்தொடர்ந்து போய் இறங்குகிறது.

தேவனாம்பட்டினத்தில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோள்வலி உள்ளவரின் வலை விரியாது, நேரம் பார்த்துக் கையை விடுபவரின் வலைதான் வட்டமாக விழும். இங்கும் அதே கணக்கு. கோலைப் பின்னால் கொண்டுபோய், தலைக்குச் சற்றுப் பின்னே சட்டென்று நிறுத்தி, கயிறு முழுவதும் பின்புறம் நீண்டு நிமிரும்வரை பொறுத்து, அதன்பிறகே முன்னே கொண்டுவர வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பொறுமையில்தான் தவறுகிறார்கள். சாட்டை சொடுக்கியதுபோல் பின்னால் 'டப்' என்று கேட்டால், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், பூச்சியும் அறுந்து போயிருக்கலாம் என்று பொருள்.

மகனிடம் 9 அடி நீளமும் 5 வெயிட்டும் கொண்ட, நான்கு துண்டுகளாகக் கழற்றக்கூடிய கோல் ஒன்றை, ஊருக்கு வரும் யாரிடமாவது முன்கூட்டியே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். முள்ளைக் கட்டாதீர்கள்; நுனியில் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு விரற்கடை கட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துப் புல்லில் தினம் 20 நிமிடம் வீசிப் பழகுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அது கயிற்றையும் உருளையையும் அராவிவிடும். கொண்டல் எழும் முன், காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மணிக்கட்டு மடங்குகிறது என்று தெரிந்தால், கோலின் அடிமுனையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கை திருந்திவிடும். இரண்டு மாதத்தில் 30 அடி தூரம் நேராக விழுந்தால் போதும், அதற்குமேல் அந்தக் கரையோரங்களில் பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொரு பழக்கத்தையும் நீங்கள் விட வேண்டும். தக்கை முங்கியதும் சுண்டி இழுப்பது நமக்கு இரத்தத்தில் ஊறியது. அங்கே பூச்சிக்கு முன்னால் இருக்கும் 5எக்ஸ் என்ற மெல்லிய நரம்பு ஏறத்தாழ 2 கிலோ இழுவைதான் தாங்கும், சுண்டினால் அறுந்துவிடும். மாலையில் அசையாத நீரின்மேல் பூச்சி மிதந்து கொண்டிருக்கும்; அதன் கீழே நீர் சற்றே குமிழ்ந்து, ஒரு சிறு வட்டம் விரியும்; பூச்சி இருந்த இடத்தில் பூச்சி இருக்காது. அந்தக் கணத்தில் கோலை மெல்ல உயர்த்தினால் போதும். வரும் மீனின் முதுகில் புழு ஊர்ந்த தடம்போன்ற வெளிர்க்கோடுகளும், விலாவில் நீலவட்டம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகளும், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பால் கோடிழுத்தாற்போல வெண்மையும் இருக்கும். அவலாஞ்சியில் வளர்க்கிற ட்ரௌட்டுக்கு இது தூரத்து உறவுதான். 'சார்' என்ற குளிர்நீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் துவண்டுவிடும். தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் உடல்வழுவழுப்பை உரித்துவிடும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறுகூரைக் குறடால் நசுக்கிவிட்டால், விடவேண்டிய மீனை நோகாமல் விடலாம். உயிருள்ள சிறுமீனை இரையாகப் பயன்படுத்துவதும், வைத்திருப்பதும்கூட அந்தப் பூங்காவில் தடை. இரால், மண்புழு என்ற நம் வழக்கத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, பூச்சியை மட்டும் நம்பிப் போங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது மீனல்ல, தண்ணீர். புதுச்சேரியிலிருந்து போய், அந்தப் பூங்கா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த காலத்தில், ஒரு மே மாதக் காலையில், மீனை வலையில் ஏந்தக் குனிந்து, கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகைக் கவிழ்த்துவிட்டேன். கரை கைக்கெட்டும் தூரம்; தண்ணீரில் இருந்தது இரண்டு நிமிடம்கூட இராது. ஆனால் கரையேறியபின் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுக்க விரல்கள் மடங்கவில்லை. பெட்டியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். நான் கடலில் நீந்தி வளர்ந்தவன், அந்த நீச்சல் அங்கே உதவவில்லை. மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1–10–1 என்று ஒரு கணக்குச் சொல்வார்: குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் உங்களை மிதக்கவைப்பது உயிர்காப்புச் சட்டை மட்டுமே. படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். உடலில் பூட்டியிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அல்கோன்குயினைத் தன் ஓவியங்களால் புகழ்பெறச் செய்த டாம் தாம்சன், அங்கேயே மீன்பிடி வழிகாட்டியாகவும் இருந்து கனூவில் நன்கு கைபழகியவர், 1917 ஜூலையில் கனூ லேக் என்ற ஏரியில்தான் இறந்தார். காரணம் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது, ஆனால் அவருடைய படகு கவிழ்ந்து கிடந்தது.

துணியில் பருத்தியே வேண்டாம். பனியன், லுங்கி, துண்டு எல்லாம் நம் வெயிலுக்கு வரம். அங்கே நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உலரவும் உலராது. உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே மழைச்சட்டை, தனிப்பையில் நனையாத ஒரு மாற்றுடை. இதை உங்கள் சர்க்கரையோடு சேர்த்துப் பாருங்கள்: குளிரால் வரும் நடுக்கமும் குழப்பமும், சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கமும் குழப்பமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே கனூவைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கி நடக்கும் 'போர்ட்டேஜ்' பாதைகளில் உடல் வழக்கத்தைவிட அதிகம் உழைக்கும். உங்கள் மாத்திரை சர்க்கரையை அளவுக்குமீறித் தாழ்த்தும் வகையா என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த ஐந்து நாளுக்கான அளவை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். சோதனைக்கருவி குளிரில் சரிவர வேலை செய்யாது என்பதால் அதையும் மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் இது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கருவாட்டை விட்டுவிடுங்கள். அங்கே கருங்கரடி உண்டு. நம் நெத்திலிக் கருவாட்டின் வாசனை அதற்கு நெடுந்தூரம் போகும். உணவு, ஊறுகாய், பல்துலக்கும் பசை உட்பட மணம் வீசும் எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல், ஒரே பையில் கட்டி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் விலகியும் தொங்கவிடுவது வழக்கம். சமையலும் கூடாரத்திலிருந்து தள்ளியே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தகரடப்பாவும் கண்ணாடிப் புட்டியும் உட்காட்டில் அனுமதியில்லை என்பதால் ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவல், வறுத்த ரவை, பருப்புப்பொடி போதும். ஏரி நீரை ஒரு நிமிடமாவது கொப்பளிக்கக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் ஜியார்டியா கிருமி இருக்கலாம்.

வெளிநாட்டவர் என்ற வகையில் ஒன்டாரியோவின் 'அவுட்டோர்ஸ் கார்டு' என்ற அட்டையும் மீன்பிடி உரிமமும் உங்களுக்கு வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். உரிமத்தில் இரண்டு வகை உண்டு, 'கன்சர்வேஷன்' வகையில் எடுத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கை குறைவு, ஆனால் இரண்டு பேர் ஒருவேளைக்குச் சாப்பிட அது தாராளம்.

உட்காட்டில் கைப்பேசிக்கு அலைவரிசை இராது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது "அப்பா, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மகன் அன்பாகக் கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள். முன்அனுமதியின்றி அவ்வகைக் கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் அதற்காகத் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. தூண்டில் முள், கத்தி, குறடு ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள்.